மாத்திரைக்கு விரதம் இல்லை, மாமா

மாமா,

இன்று சனிக்கிழமை. காலையில் கருப்பு எள்ளை வறுத்துக்கொண்டிருந்தேன். வாசனை கிளம்பி, எள் படபடவென்று வெடிக்க ஆரம்பித்த நேரத்தில் உங்கள் மகன் சட்டையைக் கழற்றித் துவைக்கப் போட்டுவிட்டுப் போனார். சட்டைப் பையில் கைவிட்டுப் பார்க்காமல் நான் தண்ணீரில் போடுவதில்லை. மடித்த கைக்குட்டைக்குள் ஒரு மாத்திரை அட்டை இருந்தது.

"இது என்னங்க?" என்றேன்.

"பிரஷருக்குக் கொடுத்தது" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

அவருடைய பிரஷர் மாத்திரையை எனக்குத் தெரியாதா? தினமும் எடுத்துக் கொடுப்பவளே நான்தான். இது வேறு. ராத்திரியில் அவர் அடிக்கடி எழுந்து போவதையும் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன். தவிர, பிரஷர் மாத்திரையை யாரும் கைக்குட்டைக்குள் ஒளித்துவைக்க மாட்டார்கள்.

உங்களுக்கு வந்தது உங்கள் மகனுக்கும் வந்துவிட்டது, மாமா. வயதானால் ஆண்களில் பாதிப் பேருக்கு வருவதுதான் என்கிறார்கள், அதனால் நோய்கூடப் பரவாயில்லை. அந்த வெட்கமும் கூடவே அச்சு அசலாக வந்திருக்கிறதே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. எள் கருகிப்போனது. மறுபடி வறுத்தேன். வறுத்துக்கொண்டே உங்களோடு பேச ஆரம்பித்துவிட்டேன்.

எழுபதுகளின் கடைசியில் நான் விழிதியூர் வீட்டுக்கு மருமகளாக வந்தபோது அத்தை இருந்தார்கள். கொஞ்ச நாளிலேயே போய்விட்டார்கள். உங்கள் மகனுக்குப் பாண்டிச்சேரியில் வேலை, மாதம் ஒரு முறை வருவார். வீட்டில் நீங்களும் நானும்தான். ஒரு மாமனாரும் மருமகளும் என்னதான் பேச முடியும்? காப்பி போடட்டுமா, குழம்பில் உப்பு சரியா, நடவுக்கு ஆள் வந்தாச்சா. இதற்குமேல் நமக்குள் பேச்சு கிடையாது. ஆனால் நான் சாப்பிட்டேனா என்று கேட்காமல் ஒருநாளும் நீங்கள் கை கழுவியதில்லை. அது ஒன்றே எனக்குப் போதுமாக இருந்தது.

நீங்கள் மேரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நகராட்சி என்று யாராவது சொன்னால், "மேரின்னு சொல்லு, அப்பதான் எனக்கு வெளங்கும்" என்பீர்கள். பிரெஞ்சுக்காரன் காலத்தில் வேலைக்குச் சேர்ந்த மனிதர். எழுதியிருப்பதற்கு மேல் செய்யவும் மாட்டீர்கள், அதில் குறைக்கவும் மாட்டீர்கள். மூட்டைப்பூச்சி மருந்து டப்பாவில் கதவைச் சாத்தி வைக்கவும் என்று போட்டிருந்ததற்காக, மருந்தடித்த அறையின் வாசலில் நாற்காலி போட்டுக் காவல் உட்கார்ந்தவர் நீங்கள். "உத்தரவுன்னா உத்தரவும்மா" என்பீர்கள். நான் அடுப்படிக்குப் போய்ச் சிரிப்பேன். அந்தக் குணமே ஒருநாள் உங்கள் உயிருக்கு உலை வைக்கப் பார்க்கும் என்று யார் கண்டது?

சனிக்கிழமை விரதம் உங்களுக்கு அத்தையைக் கட்டுவதற்கு முன்பிருந்தே உண்டு. காலையில் எண்ணெய் தேய்த்து வெந்நீரில் குளிப்பீர்கள். அதற்குள் நான் எள்ளுசாதம் கிளறி வைத்திருப்பேன். வாழையிலைத் துண்டில் ஒரு உருண்டை எடுத்துப்போய்க் கொல்லைச் சுவரில் காக்கைக்கு வைப்பீர்கள். பிறகு பஸ் ஏறித் திருநள்ளாறு. ராத்திரி ஒரு வாழைப்பழம், ஒரு தம்ளர் பால். அன்றைக்கு அவ்வளவுதான்.

பிரஷர் இருப்பது முதலில் தெரிந்தது. அதை ஊர் முழுக்கச் சொன்னீர்கள். பிரஷர் என்றால் ஒரு கௌரவம் உண்டு, உத்தியோகம் பார்த்த உடம்பு என்று அர்த்தம். மற்றது வந்ததை யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு அது கொல்லைக் கதவின் தாழ்ப்பாள் சத்தமாகத்தான் தெரியவந்தது. இருட்டியதிலிருந்து விடிவதற்குள் எத்தனையோ தடவை அந்தத் தாழ்ப்பாள் திறக்கும், மூடும். கழிவறை கொல்லைக் கோடியில், கிணற்றையும் துவைக்கிற கல்லையும் தாண்டி இருந்தது. போவீர்கள், வெகுநேரம் நிற்பீர்கள், திரும்பி வந்து படுப்பதற்குள் மறுபடியும் எழுந்திருப்பீர்கள்.

பகலில் தண்ணீர் குடிப்பதைக் குறைத்தீர்கள். மாலைக் காப்பி வேண்டாம் என்றீர்கள். சுரக்குடியில் சொந்த அக்கா பேத்திக்குக் கல்யாணம், போகவில்லை. "பஸ்ஸுல கூட்டமா இருக்கும்மா" என்றீர்கள். கூட்டம் காரணமில்லை, நடுவழியில் அவசரம் வந்தால் பஸ்ஸை நிறுத்தச் சொல்ல வாய் வராது, அதுதான் காரணம் என்று அப்போது எனக்குத் தெரியாது. சனிக்கிழமை திருநள்ளாற்றுக்கு மட்டும், காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் பஸ் ஏறினீர்கள். அத்தை போன துக்கம் ஆளைத் தின்கிறது என்று நினைத்தேன்.

ஒருநாள் நீங்களாகவே, "ஆசுபத்திரிக்கிப் போவணும், கூட வர்றியாம்மா?" என்றீர்கள். போனோம். டாக்டர் எதிரில் நாற்காலியில் உட்கார்ந்ததும் என் பக்கம் திரும்பி, "நீ செத்த வெளிய இரும்மா" என்றீர்கள். நான் எழுந்து வந்து வேப்பமரத்தடியில் நின்றேன். திரும்பி வந்தபோது கையில் புது மாத்திரை.

"பிரஷருக்கு மாத்திரைய மாத்தியிருக்காரு. காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. சாப்பிட்டப்பறம்" என்றீர்கள்.

நானும் அதை அப்படியே நம்பினேன். ரத்தக் குழாயைத் தளர்த்தி அழுத்தத்தைக் குறைக்கிற மாத்திரை, மூத்திரப் பையின் வாயையும் தளர்த்திவிடும், இரண்டு தொல்லைக்கும் ஒன்றாகக் கொடுத்திருக்கிறார் என்பது எனக்கு எப்படித் தெரியும்? பாதி விஷயத்தை வேப்பமரத்தடியில் நின்று யாரும் கேட்டுவிட முடியாது.

கொஞ்ச நாள் நன்றாகத்தான் இருந்தது. தாழ்ப்பாள் சத்தம் குறைந்தது. மாலைக் காப்பியை நீங்களே கேட்டீர்கள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கிணற்றடியில் குனிந்து முகம் கழுவிவிட்டு நிமிர்ந்தவர், தூணைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டீர்கள். முகம் வெளுத்து, நெற்றியெல்லாம் வேர்வை. பித்தம் என்றீர்கள், இஞ்சிச் சாறு கொடுத்தேன். அடுத்த முறை மீன் வாங்கப் போன இடத்தில். மீன் விற்கிற கிளிஞ்சல்மேட்டுக்காரம்மா ஒருத்தி கூடையை இறக்கிவைத்துவிட்டுக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து விட்டாள். "இவங்கள வெயில்ல தனியா அனுப்பாதம்மா" என்று எனக்கும் ஒரு திட்டு கொடுத்துவிட்டுப் போனாள்.

சேதி கேட்டு உங்கள் அக்கா, சுரக்குடி பெரியம்மா, வந்து இறங்கினார்கள். வரும்போதே ஜோசியரைப் பார்த்துவிட்டுத்தான் வந்தார்கள்.

"ஏழரைச் சனி நடக்குதுடா தம்பி. அதான் ஆளத் தள்ளுது. நீ பாலும் பழமும்னு வெரதத்தக் கொழப்பிக்கிட்டு இருக்க. இனிமே சனிக்கெழம பச்சத் தண்ணியத் தவிர எதுவும் தொடாத. அவரு மனசு குளுந்தா எல்லாம் சரியாப் போயிடும்."

சனி பகவான் வாசலில் பிறந்து வளர்ந்தவர்கள் நாம். எங்கெங்கிருந்தோ ஜனம் வந்து குளத்தில் முங்கிவிட்டுப் போகிற ஊருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, அவர் பெயரைச் சொன்னபிறகு வேறு காரணம் தேட யாருக்குத் தோன்றும்? வாழைப்பழமும் பாலும் நின்றன. விழுவது மட்டும் நிற்கவில்லை. முன்னைவிட மோசமாயிற்று.

எனக்குத்தான் ஒன்று உறுத்தியது. நீங்கள் தள்ளாடுவதெல்லாம் ஞாயிற்றுக்கிழமையாகவே இருந்தது. ஒருநாள் இலை போடும்போது கேட்டேவிட்டேன்.

"மாமா, சனி பகவானுக்கு சனிக்கெழமதானே கச்சேரி? ஞாயித்துக்கெழம லீவு நாள்ல எதுக்கு நம்ம வீட்டுக்கு வர்றாரு?"

நீங்கள் சிரித்தீர்கள். அத்தை போனபிறகு நீங்கள் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். "பழைய ஃபைல முடிக்க வர்றாரு போலருக்கு" என்றீர்கள். சிரிப்போடு பேச்சும் முடிந்துபோயிற்று.

அடுத்த ஞாயிறு காலை இட்லி சாப்பிட்டு எழுந்து மாத்திரை டப்பாவைத் திறந்தீர்கள். கையில் ஒன்று இல்லை, மூன்று.

"எதுக்கு மாமா இத்தன?"

"நேத்து வெரதம்மா. சாப்பிட்டப்பறம் போடணும்னுதானே உத்தரவு? நேத்து சாப்பிடவே இல்ல, அப்ப எப்படிப் போடுறது? அதான் நேத்துது ரெண்டு, இன்னிக்கிது ஒண்ணு. வேலய நிலுவைல வக்கக் கூடாது."

இவ்வளவு ஒழுங்காக ஒருவர் தவறு செய்ய முடியுமா, மாமா? டாக்டர் சொன்னதை அட்சரம் பிசகாமல் கேட்டீர்கள், சாமிக்கு நேர்ந்ததையும் விடவில்லை. முதலில் காலை மாத்திரை மட்டும் தவறியது, ராத்திரி பழம் சாப்பிட்டதால் ராத்திரி மாத்திரை தப்பியது. பெரியம்மா பழத்தை நிறுத்தியதும் அதுவும் போயிற்று. பரிகாரம் கூடக்கூட நீங்கள் ஞாயிறு காலையில் ஒரே மடக்காக விழுங்குவதும் கூடியிருக்கிறது. சொன்னால் சிரிக்கத் தோன்றும். எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை.

"வாங்க மாமா, டாக்டர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு வந்துடலாம்" என்றேன். "அதெல்லாம் அவரு சொன்னதுதாம்மா" என்று சொல்லிவிட்டுத் தண்ணீரை ஊற்றிக்கொண்டு விழுங்கிவிட்டீர்கள். நான் கூட வந்தால் டாக்டர் என் முன்னால் எதையாவது கேட்டுவிடுவார் என்ற பயம் உங்களுக்கு. அதுவும் எனக்குப் பிறகுதான் புரிந்தது.

கொஞ்ச நேரத்தில் கொல்லையில் தொப்பென்று சத்தம். துவைக்கிற கல்லின் முனை நெற்றியில் கிழித்திருந்தது. ரத்தம் புருவத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. முந்தானையைச் சுருட்டி அழுத்தினேன். பக்கத்து வீட்டில் குரல் கொடுத்தேன், கார் கூட்டிவர ஆள் ஓடியது. நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எல்லாரும் வர்றதுக்குள்ள எனக்கு ஒரு வேட்டி எடுத்துட்டு வாம்மா" என்றீர்கள். அப்போதுதான் பார்த்தேன், வேட்டி நனைந்திருந்தது.

எடுத்துவந்தேன். எழுந்து நிற்க முடியாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டீர்கள். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு புது வேட்டியின் ஒரு முனையைப் பிடித்தேன், மறுமுனையை நீங்கள் சுற்றிக்கொண்டீர்கள். அப்படி நிற்கும்போது, நானும் உங்கள் முகத்தைப் பார்க்காத அந்த நேரத்தில்தான் சொன்னீர்கள்.

"ரொம்ப நாளாவே இருக்கும்மா. சொட்டுச் சொட்டாப் போவுது. வந்தா அடக்க முடியல. இத நான் எப்படி ஒங்கிட்ட சொல்லுவேன்? ஒங்க அத்த இருந்தா சொல்லியிருப்பேன்."

எனக்கு அழுகை வந்தது. அழுதால் நீங்கள் இன்னும் கூசிப்போவீர்கள் என்று, "வேட்டி சரியாக் கட்டியாச்சா மாமா?" என்று மட்டும் கேட்டேன்.

ஆஸ்பத்திரியில் நெற்றியில் தையல் போட்டு முடித்து, டாக்டர் அறைக்கு அனுப்பினார்கள். நான் பழக்கத்தில் வாசலிலேயே நின்றுவிட்டேன். நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட தலையைக் குனிந்துகொண்டே, "எம் மருமவளும் உள்ள இருக்கட்டும் டாக்டர். அதுதான் என்னயப் பாத்துக்குது" என்றீர்கள். வாழ்க்கையில் எனக்கு யார் யாரோ நல்ல வார்த்தை சொல்லியிருக்கிறார்கள். அந்த ஒரு வரிக்கு எதுவும் ஈடாகவில்லை. அதைச் சொல்ல உங்களுக்கு என்ன பாடுபட்டிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

டாக்டர் திட்டவில்லை. மூன்று மாத்திரைக் கதையைக் கேட்டுவிட்டுப் பேனாவை மூடி வைத்தார்.

"பெரியவரே, வெரதம் உங்க இஷ்டம். மாத்திரைக்கி வெரதம் கெடையாது. ஒரு நாள் பூரா நிறுத்திட்டு மறுநாள் மொத்தமாப் போட்டா பிரஷர் ஒரேயடியா எறங்கி ஆளக் கீழ தள்ளும். ஒரு வேள மறந்துட்டா மறந்ததுதான், அத விட்டுடுங்க, அடுத்த வேளைக்கி உள்ளத மட்டும் போடுங்க. நாலஞ்சு நாள் விட்டுப்போச்சுன்னா நீங்களா ஆரம்பிக்காம எங்கிட்ட வாங்க. எழுந்திருக்கும்போது மெதுவா எழுந்திருங்கன்னு அன்னிக்கே சொன்னேனே?"

"சொன்னீங்க. மெதுவாத்தான் எழுந்திருக்கணும்னு பாக்குறேன். அவசரம் வந்தா மெதுவா எங்க டாக்டர் போறது?" என்றீர்கள்.

டாக்டரும் சிரித்துவிட்டார், நானும் சிரித்துவிட்டேன், கடைசியில் நீங்களும். அதன்பிறகு அறையில் வெட்கத்துக்கு இடமில்லாமல் போயிற்று. நான் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டேன். பயந்துகொண்டு தண்ணீரைக் குறைக்கக்கூடாது, பகலில் நன்றாகக் குடித்துவிட்டுப் பொழுது சாய்ந்தபிறகு குறைத்துக்கொள்ளலாம் என்றார். கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் குளித்தால் மயக்கம் கூடும், வெதுவெதுப்பாகப் போதும் என்றார். சளி பிடித்தால் கடையில் மாத்திரை கேட்டு வாங்கிப் போடக்கூடாது, சிலது மூத்திரத்தை அடைத்தே விடும் என்றபோது நீங்கள் என்னைத் திருட்டு முழி முழித்துப் பார்த்தீர்கள். போன மழையில் வாங்கிப் போட்டிருந்தீர்கள்.

"சாப்பிட்டப்பறம்னா எலை போட்டுச் சாப்பிடணும்னு இல்ல. வயித்துல கொஞ்சம் ஏதாவது இருந்தாப் போதும்" என்று கடைசியாகச் சொன்னார்.

அந்தக் கொஞ்சம்தான் அடுத்த சனிக்கிழமை பெரிய பஞ்சாயத்தாயிற்று. தலையில் போட்ட கட்டைப் பார்க்க வந்த பெரியம்மா இன்னும் கிளம்பவில்லை. தம்பி விரதத்தை மருமகள் கெடுக்கப் பார்க்கிறாள் என்று அடுப்படி வரைக்கும் கேட்கும்படி முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். நான் எள்ளுசாதத்தைக் கிளறி இறக்கினேன். நீங்கள் குளித்துவிட்டு வந்து, எள்ளுசாதத்தில் காக்கைக்கு ஒரு உருண்டை வைத்துவிட்டு, காக்கை வந்து எடுக்கும்வரை நின்றீர்கள். பிறகு இலையில் மிச்சமிருந்ததில் ஒரு கைப்பிடி எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, என்னிடம் மாத்திரைக்குக் கை நீட்டினீர்கள்.

"என்னடா தம்பி, வெரத நாளும் அதுவுமா சாப்பிடுற?"

"சாப்பிடலக்கா. அவருக்குப் படச்சது, பெரசாதம். பெரசாதத்த வேண்டாம்னு சொன்னா அதுக்குத்தான் அவரு கோவிச்சுக்குவாரு."

ராத்திரிக்கும் ஒரு கைப்பிடி எடுத்து மூடிவைக்கச் சொன்னார்கள், பெரியம்மாவே. உத்தரவை மீறாமல் உத்தரவுக்குள்ளேயே வழி கண்டுபிடிக்கிற வித்தை மேரியில் உங்களுக்குச் சும்மா வரவில்லை.

மெதுவாக எழுந்திருப்பதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தீர்கள். கண் விழித்ததும் கட்டில் ஓரத்தில் கால் இரண்டையும் தொங்கப்போட்டு உட்காருவீர்கள். விழிதியூரிலிருந்து மேரிக்கு நீங்கள் காலமெல்லாம் சைக்கிள் மிதித்த வழியை மனதுக்குள் மிதிப்பீர்கள். வாய்க்கால் மதகு, நிரவி, அரசலாற்றுப் பாலம். பாலம் தாண்டியபிறகுதான் எழுந்து நிற்பது. நான் வாசல் தெளித்துவிட்டு வந்து அறைக்கு வெளியே நின்று கேட்பேன்.

"பாலம் தாண்டியாச்சா, மாமா?"

"வந்துட்டேன், வந்துட்டேன். எதுக்க மாட்டு வண்டி."

அதன்பிறகு நீங்கள் விழவே இல்லை. சுரக்குடியில் அடுத்த பேத்தி கல்யாணத்துக்கு என்னோடு பஸ்ஸில் வந்தீர்கள். இறங்கியதும் பந்தலில் எல்லார் எதிரிலும், "மொதல்ல கொல்லப் பக்கம் எங்கன்னு சொல்லுங்கப்பா, பொண்ணு மாப்பிள்ளய அப்பறம் பாக்குறேன்" என்றீர்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. இதிலெல்லாமா ஒருத்தி பெருமைப்படுவாள் என்று கேட்டால், நான் பட்டேன்.

உங்களைக் கடைசியில் கொண்டுபோனது பிரஷரும் இல்லை, மற்றதும் இல்லை. எண்பதுகள் முடியப்போகிற நேரத்தில், ஐப்பசி மழையில் நெஞ்சில் கட்டிய சளி. அதே ஆஸ்பத்திரி. உங்கள் மகனுக்குத் தந்தி கொடுத்திருந்தோம், அவர் வந்துகொண்டிருந்தார். மத்தியானம் கண்ணை மூடியபடி கிடந்தீர்கள். கால் மட்டும் போர்வைக்குள் லேசாக அசைந்தது. நான் குனிந்து, "எங்க இருக்கீங்க மாமா?" என்று கேட்டேன்.

"பாலத்துலம்மா. காத்து நல்லா வருது. இங்கயே செத்த நிக்கிறேன்" என்றீர்கள்.

தாண்டுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நில்லுங்கள் என்றும் சொல்லவில்லை. உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இன்று மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு உங்கள் மகனிடம் நேராகவே பேசினேன். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது நானும் உள்ளே வருவேன் என்றேன். "நீ எதுக்கு அங்க?" என்றார். உங்கள் வேட்டிக் கதையைச் சொன்னேன். இத்தனை வருஷத்தில் அவரிடம் சொன்னதில்லை, நீங்கள் என்னிடம் மட்டும் சொன்னது என்று வைத்திருந்தேன். அவர் எழுந்து உள்ளே போனார். பிறகு கைக்குட்டையில் இருந்த அட்டையை எடுத்துவந்து, நான் மாத்திரை வைக்கிற டப்பாவில் அவரே போட்டார். "ஏற்கெனவே போடுற பிரஷர் மாத்திரையச் சொன்னீங்களா டாக்டர்கிட்ட?" என்றேன். இல்லை என்று தலையாட்டினார். திங்கட்கிழமை போகிறோம், இரண்டு பேரும்.

படுத்து எழுந்தவர் கட்டிலிலிருந்து சடாரென்று இறங்கப் பார்த்தார்.

"உக்காருங்க. உடனே எழுந்திருக்காதீங்க. பாலம் தாண்டிட்டு எழுந்திரிங்க."

"எந்தப் பாலம்?"

"ஒங்க அப்பா சைக்கிள்ல தாண்டுன பாலம்."

அவர் என்னைப் பார்த்தார். "முன்னாடி பார்ல என்னயும் ஒக்கார வச்சுத்தான் போவாரு" என்றார். காலைத் தொங்கப்போட்டு, கண்ணை மூடிக்கொண்டார்.

அறை வாசலில் நின்றேன், மாமா, உங்களுக்கு நின்றதுபோலவே. அவர் எழுந்திருக்க ரொம்ப நேரம் ஆயிற்று. பாலத்தில் உங்களைப் பார்த்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். நான் அவசரப்படுத்தவில்லை.